கதவு எண் 3

1964. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஆதர்ட்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வெளியாகிறது. ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் சட்டத்தை மாற்ற வேண்டும் என்கிறது. கோரிக்கையை விடத் துணிச்சலானது அதன் அடியில் இருந்த முகவரி: 3, ராபர்ட் தெரு.

தேசிய நிலக்கரி வாரியத்துக்குச் சொந்தமான அந்த வீட்டில் குடியிருந்தவர், வாரியத்தில் எழுத்தராக வேலை பார்த்த ஆலன் ஹார்ஸ்ஃபால். இரண்டு ஆண்கள் தங்கள் வீட்டுக்குள் உறவு கொண்டாலே சிறை என்ற காலம் அது. சட்டத்தைத் திருத்தலாம் என்று வுல்ஃபெண்டன் குழு 1957லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனால் தொழிற்கட்சிப் பிரமுகர்கள் பலர் தயங்கினார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட மாட்டார்களாம்.

அதே கட்சியின் சார்பில் நெல்சன் நகர கவுன்சிலராக இருந்த ஹார்ஸ்ஃபால் இதை நம்பவில்லை. சோதித்துப் பார்த்தார். உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்திலேயே செய்தி போட்டது. ஜன்னலில் கல் விழவில்லை. அக்கம்பக்கத்தார் எப்போதும் போலவே பழகினார்கள். தொழிலாளியின் பெயரைச் சொல்லித் தங்கள் பயத்தை மறைத்தவர்கள் அரசியல்வாதிகள்தான் என்பது விளங்கிவிட்டது.

1967ல் சட்டம் திருத்தப்பட்டது, அதுவும் அரைகுறையாக. 21 வயது நிரம்பியவர்கள், தனிமையில் மட்டும். ஹார்ஸ்ஃபால் ஓயவில்லை. 1971ல் பர்ன்லி நகரில் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஒரு கிளப் திறக்க முயன்றபோது தேவாலயத் தரப்பு எதிர்த்தது. நூலகத்தில் நடந்த கூட்டத்தில், 'சம்பந்தப்பட்டவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று அழைப்பு வந்ததும் பலர் எழுந்து நின்றார்கள். ஆனாலும் கிளப் திறக்கப்படவில்லை. 1978ல் அதே ஊரில், தன்பாலின ஈர்ப்புள்ள பெண்களின் விடுதலை கோரும் பேட்ஜ் அணிந்ததற்காகப் பெண் பஸ் டிரைவர் ஒருவரின் வேலை பறிபோனது. 1998ல் போல்டனில் தனி வீட்டில் நடந்ததற்காக ஏழு பேர் தண்டிக்கப்பட்டபோது, எழுபதை எட்டியிருந்த ஹார்ஸ்ஃபால் மறுபடி களமிறங்கினார். 2012ல் 84 வயதில் இறந்தார்.

பிரிட்டிஷ்காரர்கள் 1860ல் எழுதிய 377வது பிரிவு இந்தியாவில் அதற்குப் பின்னும் உயிரோடு இருந்தது. 2016ல் நடனக் கலைஞர் நவ்தேஜ் ஜோஹர் உள்ளிட்ட ஐவர் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். எந்த அமைப்பின் பின்னாலும் ஒளியாமல், பாதிக்கப்பட்டவர்கள் நாங்களே என்று சொந்தப் பெயரில். 2018 செப்டம்பர் 6ல், வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பு வந்தது.

ராபர்ட் தெரு எழுத்தருக்கு இந்த வழக்கு அறிமுகமாகியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். பெயரும் முகவரியும் சொல்ல ஒருவர் முன்வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.