ஆடியில் விதைத்த பெட்டூனியா ஏன் அழுகியது?

கேள்வி: ''மொட்டைமாடியில் பெட்டூனியா, பான்சி, ஃப்ளாக்ஸ் வளர்க்க ஆசைப்பட்டு, ஆடிப்பெருக்கு அன்று விதைத்தேன். முளைத்த நாற்றுகள் பத்தே நாளில் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. விதைக்கே 600 ரூபாய் போனது. தை கடைசியில் மகளுக்கு வீட்டில் நிச்சயதார்த்தம். அதற்குள் பூக்க வைக்க முடியுமா?''

- ஒரு வாசகி, தர்மபுரி.

பதில்: ஆடிப்பட்டம் அவரைக்கும் கத்திரிக்கும் சரி. நீங்கள் விதைத்தவை குளிர்காலப் பூக்கள். சமவெளியில் புரட்டாசி கடைசி முதல் கார்த்திகை வரைதான் அவற்றுக்குப் பட்டம். இரவுக் குளிர் இறங்கினால்தான் செடி திரளும்.

நாற்று சாய்ந்ததற்குக் காரணம் நாற்றழுகல் நோய். தோட்டத்து மண், நெருக்கமான விதைப்பு, இரண்டு வேளைத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் இது நிச்சயம் வரும். இந்த முறை மண்ணே வேண்டாம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்துக் குழித்தட்டில் நிரப்புங்கள். மேல் பரப்பு காய்ந்த பிறகு, காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மழை நேரடியாக விழக் கூடாது. அதற்காகக் காற்றுப் புகாமல் மூடிவிடவும் கூடாது.

இனி நாள் கணக்கு. இன்று ஐப்பசி கடைசி. உங்களுக்கு 90 நாள்கள்கூட முழுதாக இல்லை. பெட்டூனியா, விதையிலிருந்து பூக்க ஏறக்குறைய 80 முதல் 100 நாள்கள் பிடிக்கும். விசேஷத் தேதியை வைத்துக்கொண்டு அதில் சூதாட வேண்டாம். ஓசூர் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் நாற்றாகவே வாங்கிவிடுங்கள். பூத்து நிற்பதைப் பார்த்து மயங்காமல், மொட்டு வைக்காத குட்டைச் செடியாகப் பொறுக்குங்கள். நட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். ஆனால், கிள்ளினால் பூப்பது சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும். அதனால், மார்கழி பிறந்த பிறகு கை வைக்காதீர்கள்.

காலண்டுலாவையும் ஃப்ளாக்ஸையும் தாராளமாக இப்போதே விதைக்கலாம்; 60, 70 நாள்களில் பூத்துவிடும். ஃப்ளாக்ஸுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. தொட்டியிலேயே நேரடியாக விதைத்து, மெல்லிசாக மணல் தூவுங்கள். அடுத்த ஆண்டு பெட்டூனியா விதைத்தால் இப்படி மூடக் கூடாது. தூசி போன்ற அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும்.

பான்சியை மறந்துவிடுங்கள். அது ஊட்டி மாதிரி இடத்தில் மே மாதக் கண்காட்சி வரைகூடத் தாங்கும். தர்மபுரி மாடியில் தை வெயில் ஏறினாலே வாடிப்போகும்.

'தலையில் வைக்கவும் ஆகாது, சாமிக்கும் ஆகாது, இதுக்கு இவ்வளவு செலவா?' என்று வீட்டுப் பெரியவர்கள் நிச்சயம் கேட்பார்கள். நான்கு தொட்டியில் செண்டுமல்லியும் சேர்த்து விதையுங்கள். அதுவும் தையில் பூக்கும். வாசல் தோரணத்துக்கு ஆகும்.