கோட்லா தூணும் ஒரு மதிப்பெண் கேள்வியும்

பாடநூல்களை முன்வைத்து தில்லியில் எழும் சர்ச்சைகள் புதியவை அல்ல. அரசியல் அறிவியல் நூலில் இடம்பெற்ற அம்பேத்கர் கேலிச்சித்திரத்துக்காக 2012 மே மாதம் நாடாளுமன்றம் அமளியில் ஆழ்ந்தது. 12-ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை குறித்த பாடம் நீக்கப்பட்டது 2023-இல் விவாதமானது. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதோடு வாதம் முடிந்துவிடுகிறது. மாணவன் வரலாற்றை எவ்வாறு கற்கிறான் என்று வினவிய உறுப்பினர்களை, செய்தியாளர் மாடத்திலிருந்து அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளின் உச்சியில் அசோகரின் ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. இன்றைய ஹரியாணாவில் உள்ள தோப்ராவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்தது அது. தூண் உடையாமல் சாய இலவம்பஞ்சை மெத்தையாகக் குவித்தார்கள். 42 சக்கர வண்டியில் யமுனைக் கரை வரை இழுத்து, படகுகளில் ஏற்றினார்கள். ஆனால் அதிலிருந்த எழுத்தை, சுல்தான் அழைத்த பண்டிதர்கள் எவராலும் படிக்க இயலவில்லை.

1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அப்பூட்டைத் திறந்த விதம் எளிமையானது. சாஞ்சியில் கிடைத்த சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். அவை கொடையாளர்களின் பெயர்களாக இருக்க வேண்டும். எனில் இறுதிச்சொல் 'தானம்' ஆகலாம் என ஊகித்தார். மற்ற எழுத்துகள் அதன் வழியே பிடிபட்டன.

இதை ஏழாம் வகுப்பில் செய்து பார்க்கலாம். கல்வெட்டுகளின் நகல்களைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளைக் குறிக்கச் சொன்னால் போதும். பச்சைக் களிமண்ணில் ஒரு நீண்ட தூண் செய்து, முறியாமல் படுக்க வைக்கச் சொல்லலாம். பஞ்சு எதற்கு என்பது தானே விளங்கும். செலவு சில ரூபாய்.

பல பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் நடப்பதோ வேறு. தெர்மோகோலில் செங்கோட்டை செய்துவரச் சொல்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்து ஒட்டுவது பெற்றோர். அதில் குழந்தை கற்பது என்ன என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, ஒரே வகுப்பில் ஐம்பது அறுபது பேர் என்று ஆசிரியர்கள் கூறுவதைப் புறந்தள்ள முடியாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றலையும் புத்தகப் பை இல்லா நாள்களையும் வலியுறுத்தியது. எனினும், வகுப்பறையை ஆள்வது கொள்கை அல்ல, வினாத்தாள். சான்று சார்ந்த கேள்விகள் இப்போது தேர்வில் உண்டுதான்; ஆனால், பெரும்பாலும் கொடுத்த பத்தியிலேயே விடையும் இருக்கிறது. பிராமியைப் படித்தறிந்தவர் யார் என்பது ஒரு மதிப்பெண்; எப்படிப் படித்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நான்கு கல்வெட்டு வரிகளை அச்சிட்டு, உன் ஊகம் என்ன, காரணம் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும். பள்ளிகள் தாமாகவே கோட்லாவுக்குப் பேருந்து அமர்த்தும். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அங்கே நுழைவுக் கட்டணமும் கிடையாது.