ஊசி போடும் உம்மா பால் கொடுக்கலாமா?

மூட்டுவாதத்துக்கு அடலிமுமாப் ஊசி போடும் சகோதரி ஒருவர், "கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தும்படி வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

நிறுத்தத் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டல். இது மொனோகுளோனல் அன்டிபொடி வகை மருந்து. இதன் மூலக்கூறு பரசிட்டமோலினுடையதைவிட ஏறக்குறைய 1000 மடங்கு பெரியது. ஆகவே பாலில் மிகச் சொற்பமே சேரும். அதுவும் பெரும்பாலும் குழந்தையின் வயிற்றில் செரித்துவிடும். அல்பகரா 233ஆம் வசனம் இரண்டு வருடப் பாலூட்டலைச் சொல்லும்போதே, பிள்ளையால் தாய்க்குத் தீங்கு நேரலாகாது என்கிறது. மருந்தை விட்டுக் கை மடக்க முடியாமல் கிடக்கும் உம்மா பிள்ளையைத் தூக்குவது எப்படி?

பயப்பட வேண்டிய இடம் வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இம்மருந்து நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குள் சென்று பல மாதங்கள் தங்கும். நம் நாட்டிலோ பிறந்ததுமே பீ.சீ.ஜீ. ஏற்றுகிறார்கள். அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமி. கர்ப்பத்தில் இதே வகையான இன்பிளிக்சிமாப் பெற்ற தாயின் பிள்ளை பீ.சீ.ஜீ.க்குப் பின் மௌத்தானதை இங்கிலாந்து மருத்துவர்கள் 2010இல் எழுதினர். எனவே கர்ப்பத்தில் ஊசி போட்டவர்கள் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமும் மிட்வைபிடமும் சொல்லிவிடுங்கள். பீ.சீ.ஜீ.யைக் குறைந்தது ஆறு மாதம் பிற்போடுவது வழக்கம்.

கூடவே மெதொட்ரெக்சேட் குளிசை குடிப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. பாலூட்டும் காலத்தில் அதைத் தவிர்க்கவே சொல்வார்கள். டாக்டரிடம் மாற்றுக் கேளுங்கள்.