விடுமுறைக்கு முன் ஒரு விவாதம்

போன வாரம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தொலைக்காட்சியில் எங்கோ நடக்கும் போரைப் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சபையில் எழுந்து அரசை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, அங்க குண்டு விழுது, இவனுக்கு இப்பத்தான் கேள்வி கேக்கணுமா? சண்டை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்ல?" என்றார். சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். பெரியப்பாவை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நானும் சுண்ணாம்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

1940 மே 7. பிரிட்டனின் காமன்ஸ் சபை கூடியிருக்கிறது. சபைமுன் இருந்த தீர்மானத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: பெந்தெகொஸ்தே விடுமுறைக்காகச் சபையை ஒத்திவைப்பது. ஆனால் எல்லோருக்கும் தெரியும், பேசப்போவது நார்வேயைப் பற்றி என்று. ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் பிரதமர் சேம்பர்லின், ஹிட்லர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்று மேடையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். மே முதல் வாரத்துக்குள் மத்திய நார்வேயில் இறங்கிய பிரிட்டிஷ் படைகள் கப்பலேறித் திரும்பிவிட்டன. சேம்பர்லின் விளக்கம் சொல்ல எழுந்தபோது, பஸ்ஸை விட்டது யார் என்று உறுப்பினர்கள் கூச்சல் போட்டார்கள்.

பெரியப்பாவின் கணக்குப்படி அதுதான் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம். எதிரி வாசலில் நிற்கிறான், படை தோற்றுத் திரும்பியிருக்கிறது. ஆனால் முதலில் பாய்ந்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் இல்லை. பிரதமரின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ரோஜர் கீஸ், மார்பில் ஆறு வரிசைப் பதக்கங்களோடு முழுச் சீருடையில் வந்து எழுந்தார். டிரோன்ஹைம் துறைமுகத்தைக் கடல்வழியாகத் தாக்கத் தயங்கியதைக் குத்திக் காட்டினார். பிறகு லியோ அமெரி. அவரும் சேம்பர்லினும் ஒரே கட்சி, ஒரே பர்மிங்காம் நகரத்து உறுப்பினர்கள், நீண்ட நாள் பழக்கம். கிராம்வெல் 1653இல் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது சொன்னதாக வழங்கும் சொற்களை எடுத்துத் தன் நண்பர் மீதே வீசினார்: உங்களால் ஆனது போதும், கடவுள் பெயரால் போய்விடுங்கள் என்று.

மறுநாள் வாக்கெடுப்பு. 281க்கு 200. கூட்டிக் கழித்தால் அரசுக்கு 81 வாக்கு அதிகம், ஜெயித்துவிட்டது. ஆனால் வழக்கமாக இருநூறுக்கு மேல் வித்தியாசம் காட்டிய அரசு அது. ஆளும் தரப்பிலிருந்து நாற்பது பேர்போல் எதிர்த்து வாக்களித்தார்கள். சிலர் சீருடையிலேயே வந்து எதிர்ப்பு வரிசையில் போனார்கள். நாளைக்கே போர்முனைக்குப் போகப் போகிறவர்களைத் துரோகி என்று யார் சொல்வது? மே 10 அன்று சேம்பர்லின் விலகினார். அதே நாள் காலையில்தான் ஹாலந்து மீதும் பெல்ஜியம் மீதும் ஜெர்மனி பாய்ந்தது. படையெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பிரதமர் மாறினார், நாடு விழவில்லை.

இதிலே ஒரு கோணலும் உண்டு. நார்வே விவகாரத்தில் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சர் சர்ச்சில். விவாதத்தில் அரசைக் காப்பாற்றப் பேசியவரும் அவரே. கடைசியில் பிரதமர் நாற்காலியும் அவருக்கே வந்தது. சபை விவாதம் என்பது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி குற்றவாளியைச் சரியாகப் பிடித்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

சொல்லவந்தது அமெரியைப் பற்றி. அவர் பிறந்தது நம் நாட்டில், கோரக்பூரில். அப்பா இங்கே வனத்துறையில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் பிரதமரையே போகச் சொன்ன அந்த மனிதருக்குச் சர்ச்சில் கொடுத்த பதவி, இந்தியா மந்திரி. அந்த மே மாதமே பொறுப்பேற்று 1945 வரை இருந்தார்.

அவர் கைக்கு வந்த இந்தியா எந்த நிலையில் இருந்தது? 1939 செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. மாகாண மந்திரிசபைகளைக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலே, வெள்ளைக்காரர்களின் சபைதான் என்றாலும், விவாதித்து 80க்கு 67 என்று வாக்களித்துத்தான் போருக்குப் போனார்கள். கனடாவின் பாராளுமன்றம் தனியாகக் கூடி முடிவெடுத்தது. நமக்கு ஓர் அறிவிப்பு போதும் என்று நினைத்தார்கள். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. சென்னையில் ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் கடைசியில் போனது.

1940 நவம்பரில் போர்ச் செலவுக்கான கூடுதல் நிதி மசோதாவை டில்லி மத்திய சட்டசபை தோற்கடித்தது. லண்டனில் ஜெயித்த வாக்கெடுப்பு ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது. டில்லியில் தோற்ற வாக்கெடுப்பு ஒரு காசைக்கூடக் குறைக்கவில்லை. வைஸ்ராய் தன் தனி அதிகாரத்தில் மசோதாவை நிறைவேற்றிக்கொண்டார். அந்தப் போரில் இருபத்தைந்து லட்சம் இந்தியர் படையில் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆளும் பணமும் நம்முடையது, பேச்சு மட்டும் அவர்களுடையது.

சபையில் பேசிப் பயனில்லாதபோது தெருவில் பேசினார்கள். காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் 1940 அக்டோபர் 17 அன்று வினோபா முதலில் போனார். ஆளாலும் பணத்தாலும் இந்தப் போருக்கு உதவுவது தவறு என்று ஒருவர் ஊர் நடுவே நின்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கே சிறை. அடுத்துப் போக வேண்டியவர் நேரு. அவரை முன்கூட்டியே பிடித்து, அம்மாதம் பேசிய பேச்சுகளுக்காக நான்கு ஆண்டுக் கடுங்காவல் கொடுத்தார்கள். பேசிய இடமும் விசாரணை நடந்த இடமும் கோரக்பூர். ஆம், அமெரி பிறந்த அதே கோரக்பூர். கதை எழுதுகிறவன் இப்படி வைத்தால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

போர் நேரத்துக் கேள்வி ஆபத்தானது என்று அமெரி நம்பியிருந்தால் மே 7 அன்று வாயைத் திறந்திருக்க மாட்டார். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்பதில்தான் அவர்களுக்கு வித்தியாசம் இருந்தது. பெரியப்பா மாதிரி நல்லவர்கள் 'சண்டை முடியட்டும்' என்று சொல்லும்போது, தெரியாமலே வைஸ்ராய் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம்.

ஏனென்றால் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் காமராஜர் படம் இருக்கிறது. தினமும் பூ வைக்கிறார். அந்தக் காமராஜர் 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் ஊர் ஊராக யுத்த நிதி திரட்டியபோது, காசு கொடுக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தவர். சத்தியாக்கிரகிகள் பட்டியலோடு வார்தாவுக்குப் போகும் வழியில், அந்த டிசம்பரில் குண்டூரில் அவரைக் கைது செய்து வேலூர்ச் சிறையில் போட்டார்கள். உள்ளே இருந்தபோதே, 1941இல், விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் விடுதலையாகி ஊருக்கு வந்தார். முழுதாகச் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ராஜினாமா செய்துவிட்டார்.