ஏல்வால் மாநாடும் ஏழை உழவனின் நிலமும்

1957 செப்டம்பரில் மைசூருக்கு அருகே ஏல்வாலில் ஒரு மாநாடு கூடியது. ஆசார்ய வினோபா பாவேயை ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத்தும், பிரதமர் நேருவும், கேரள முதல்வர் தோழர் இ.எம்.எஸ்ஸும் சந்தித்தார்கள். கிராமதானத்தைப் பாராட்டி அறிக்கை வந்தது.

வினோபாவின் தூய நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. 1951ல் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் தாழ்த்தப்பட்ட மக்கள் 80 ஏக்கர் கேட்டார்கள். ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தந்தார். இந்தத் தாராளம் எப்படிப் பிறந்தது? நிலத்துக்காக உழவர்கள் ஆயுதமேந்திப் போராடிய சீமை அது!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆனால் நிலம் தானப் பொருளா? உழுபவனின் உரிமை அல்லவா? 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்றார்கள். பத்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. அதிலும் கல்லும் கரம்பும் ஏராளம்.

ஏல்வாலுக்கு வந்த இ.எம்.எஸ். தானத்தை நம்பிச் சும்மா இருந்தவரல்ல. அவ்வாண்டு ஏப்ரலில் பதவியேற்ற ஒரே வாரத்தில், குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் போட்டார். 1959 ஜூலையில் அந்த மந்திரிசபையை டில்லி கலைத்தது. தானம் இனித்தவர்களுக்குச் சட்டம் கசந்தது!

அடுக்கம் முதலான பழனி மலைக் கிராமங்களைக் கொண்டிருந்த அன்றைய மதுரை மாவட்டத்திலும் கிராமதானம் பேசப்பட்டது. இன்றும் மலையிலும் சமவெளியிலும் நிலமற்ற கூலிகள் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

விவசாயத் தொழிலாளரே! பணக்காரன் மனம் இளகும் நாளை எண்ணிக் காத்திராதீர்கள். சங்கத்தில் சேருங்கள், உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைக் கணக்கெடுத்துக் கேளுங்கள். மில் தொழிலாளரே! உங்கள் கிராமத்து உறவுகளுக்குக் கை கொடுங்கள்!