பட்டமேற்படிப்பு மாணவருக்காகப் பேசுவது யார்?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பிரதிநிதித்துவம் இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்போர் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். பீடச் சபையில் மாணவர் இருவருக்கு அச்சட்டம் இடமளித்தது. அது வகுத்த மூதவையிலோ மாணவருக்கு ஆசனமே இல்லை. பீடச் சபையின் அந்த இரு ஆசனங்களும் வழக்கமாக இளமாணி மாணவருக்கே போய்ச் சேருகின்றன.

முதுதத்துவமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் பதிவு செய்தவர்களின் நிலை வேறு. பலர் பகலில் பாடசாலையில் கற்பித்துவிட்டு வார இறுதியில் நூலகம் தேடுபவர்கள். கொடுத்த அத்தியாயம் மாதக்கணக்கில் மேற்பார்வையாளரின் மேசையில் கிடந்தால் யாரிடம் முறையிடுவது? விசாரிக்கும் சபையில் இருப்பவரும் அவரே, அல்லது அவரது சகா. நாளை பரிந்துரைக் கடிதத்துக்கும் அவரிடமே போகவேண்டும். பத்திரிகை அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் வந்த இத்தகைய கடிதங்களை நிறையவே வாசித்திருக்கிறேன். இந்த மௌனத்தைத் திருப்தி என்று நிர்வாகம் கணக்கெழுதிக் கொள்கிறது!

எவர் பெயரையும் சொல்லாமல், "இத்தனை ஆய்வேடுகள் தேங்கிக் கிடக்கின்றன" என்று எழுந்து பேச, இம்மாணவர்களே தெரிவு செய்த கல்வி விவகாரப் பிரதிநிதி ஒருவர் வேண்டும். பரீட்சை இரகசியம் கெட்டுவிடும் என்பது பழைய சாட்டு. பெறுபேறுகள் பேசப்படும்போது அவர் வெளியே நிற்கட்டும். பதிவு நீடிப்புக் கட்டணத்திலும், பரீட்சகரை நியமிக்க எடுக்கும் காலத்திலும் என்ன இரகசியம்?

பீடாதிபதி பார்த்து அமர்த்தும் "நல்ல பிள்ளை" இதற்கு உதவமாட்டார். நிகழ்ச்சி நிரலில் விடயம் சேர்க்கும் உரிமையும், சொன்னது கூட்டக் குறிப்பில் பதியப்படும் என்ற உறுதியும் அப்பிரதிநிதிக்கு எழுத்தில் வேண்டும்.