மதிப்பெண்ணை மறைக்கச் சொன்னது யார்?

அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு சூதாடியிருக்கின்றன. 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடிக் கிடந்தபோது, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை, விரும்பினால் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு அது நியாயம். மையங்கள் திறந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அதையே நீட்டித்தது எந்த நியாயத்தில் சேர்த்தி?

மதிப்பெண்ணைத் தெரிவிக்கிறாயா என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. ஒரு மாணவியின் கையில் 1600க்கு 1420 இருக்கிறது. நாட்டின் சராசரி, 2024இல், 1024தான். அவள் பள்ளியில் 1200ஐத் தாண்டுவதே அபூர்வம். கல்லூரியின் இணையதளமோ, சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேர் எடுத்தது 1500 முதல் 1580 வரை என்று மார்தட்டுகிறது. அவள் ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறாள். வேறென்ன செய்வாள்?

அந்த 1500 எப்படி வந்தது? குறைவாக எடுத்தவர்கள் அனுப்பாமல் ஒதுங்கிக்கொள்ள, அனுப்பியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு 1480 எடுத்தவரும் பின்வாங்குகிறார். கணக்கு இன்னும் மேலே ஏறுகிறது. எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்ற விவரம் ஏதோ ஒரு அட்டவணையின் மூலையில் கிடக்கிறது. தேடிப் படிக்க வழிகாட்டி உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

டார்ட்மத் கல்லூரி தன் பேராசிரியர்களைக் கொண்டே ஆராய்ந்தபோது குட்டு உடைந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் 1400ஐ ஒட்டிய மதிப்பெண்ணை மறைத்திருந்தார்கள். அனுப்பியிருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். சேர்க்கை அலுவலர்கள் மதிப்பெண்ணை மாணவர் படித்த பள்ளியோடு பொருத்தித்தான் பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் டார்ட்மத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. எம்ஐடி 2022லேயே திரும்பியிருந்தது. ஹார்வர்டும் பிரவுனும் 2024இல் அதே முடிவுக்கு வந்தன. வரவேற்கிறோம். இடையில் தம் தகுதியைத் தாமே ஒளித்து வாய்ப்பிழந்தவர்களுக்கு என்ன பதில்? கொலம்பியா பல்கலைக்கழகமோ 2023இல் ‘விருப்பத் தேர்வு’ முறையை நிரந்தரம் என்றே அறிவித்தது.

தேர்வு ஒன்றும் புனிதப் பொருள் அல்ல. தனிப்பயிற்சி பணத்துக்குக் கிடைக்கும். பணம் வாங்கிக்கொண்டு விடைகளைத் திருத்திய மோசடியே 2019இல் அம்பலமானது. ஆனால் சேர்க்கையில் எடைபோடப்படும் மெருகேற்றிய கட்டுரையும் பாய்மரப் படகுப் பந்தயமும் ஏழைக்கு அதைவிட எட்டாக்கனி. ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023இல் காட்டியது இது: ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட, மேல்தட்டு 1 சதவீதத்தின் பிள்ளைக்கு இந்த உயர்நிலைக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். மதிப்பெண் போதுமா என்று பிள்ளை கேட்டால், உன் அப்பா யார் என்று கல்லூரி திருப்பிக் கேட்கிறது. பழைய மாணவர், நன்கொடையாளர் பிள்ளைகளுக்கான சலுகையைத் தனியார் கல்லூரிகளிலும் தடுக்க 2024இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் இயற்றட்டும்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளும் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். கல்லூரிகளே, மதிப்பெண் அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு இடம் தந்தீர்கள், அனுப்பாதவர்களில் எத்தனை பேருக்குத் தந்தீர்கள், அவர்கள் எத்தகைய பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை அடுத்த விண்ணப்பப் பருவத்துக்கு முன் முகப்பிலேயே வெளியிடுங்கள். மறுக்கும் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் வாங்கும் அருகதை இல்லை.